நனைந்தே தீர வேண்டுமா?

மழை பெய்தாலும் அன்றைய தூரத்தை நடந்தே முடிக்க வேண்டும் என்பது நெடுந்தூரம் நடப்பவர்களிடையே எழுதாத சட்டம். பஸ் ஏறினால் நடை ‘உடைந்துவிட்டது’. டாக்சி பிடித்தால் அதைவிட மோசம். விடுதியிலேயே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தச் சட்டம் தவறு, ஆபத்தும்கூட, அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி சாக்குகள் என்பது என் கட்சி.

சட்டம் மிகக் கெட்டியாகப் பிடித்திருப்பது இங்கிலாந்தின் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ நடையில். மேற்குக் கடலோரம் செயின்ட் பீஸில் தொடங்கி, கிழக்குக் கடலோரம் ராபின் ஹூட்ஸ் பே வரை சுமார் 190 மைல். ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் 1973இல் வெளியிட்ட கையேட்டில் வகுத்த வழி. லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ், நார்த் யார்க் மூர்ஸ் என்று மூன்று தேசியப் பூங்காக்களின் ஊடாகப் போகிறது. இதைத் தேசிய நடைவழியாக ஏற்கப்போவதாக 2022இல் அரசு அறிவித்து, 56 லட்சம் பவுண்டும் ஒதுக்கியது. புறப்படும்போது மேற்குக் கடலில் பூட்ஸ் நுனியை நனைத்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொள்வதும், போய்ச் சேர்ந்ததும் அதைக் கிழக்குக் கடலில் போடுவதும் வழக்கம். இரண்டு கடலுக்கும் நடுவே கோடு அறுபடக் கூடாது என்ற பிடிவாதம் அந்தக் கூழாங்கல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலத்தோடேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் மழைக்குப் பயந்தால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது. ஏரிகளும் ஓடைகளும் பச்சைச் சரிவுகளும் மழை போட்ட சொத்து. மழையைக் கழித்துவிட்டு அவற்றை மட்டும் கேட்பது பேராசை. இன்றைய உடைகள் இருக்கும்போது நனைவதைக் காரணம் காட்டுவது சோம்பல். கஷ்டப்பட்ட நாள்தான் பின்னால் நினைவில் நிற்கும்; வெயில் நாட்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். கடைசியாக, முழுவதும் நடந்தவர்தான் நடந்தவர்; பத்து மைலை பஸ்ஸில் கடந்தவர் கடலிலிருந்து கடலுக்கு நடந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளத்தாக்கில், ஆற்றோரத்தில், தூறலில் நடப்பது சுகம். மழையில் நடக்காதே என்பது என் வாதமும் அன்று. நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் மறுக்கிறேன். வரிசையாகப் பார்ப்போம்.

1. தோற்கவே முடியாத வாதத்தை என்னவென்று மதிப்பது? வானிலையைக் குறை சொல்லாதே, உன் உடையைக் குறை சொல் என்பது இவர்களின் தாரக மந்திரம். நனையாமல் வந்து சேர்ந்தால் உடை சரி. நனைந்தால் உடை தப்பு. எது நடந்தாலும் ஜெயிப்பது மந்திரம்தான். நானூறு பவுண்டு கோட்டு போட்டும் நடுங்கிக்கொண்டு வந்தவரிடம், உள்ளே போட்டிருந்தது பருத்தியா என்று கேட்பார்கள். கம்பளி என்றால், கையுறை என்ன கையுறை? கையுறையும் சரி என்றால், கோட்டைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? குற்றவாளி எப்போதும் நடந்தவர்தான். மழை ஒருபோதும் கூண்டில் ஏறுவதில்லை.

உடை செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் மந்திரம் கலைந்துவிடும். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சடாரென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய ஏடாக விரிந்தது. கோர்டெக்ஸ் அதிலிருந்து வந்தது. அந்தத் துளையில் நீர்த்துளி நுழையாது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். உண்மைதான், அறிவான கண்டுபிடிப்புத்தான். ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால், ஏட்டின் மேல் இருக்கும் வெளித்துணி நீரைத் தட்டி உருட்டிவிட வேண்டும். அந்தப் பூச்சு முதலில் தேய்வது தோளில், முதுகுப் பையின் பட்டி அழுத்தும் இடத்தில். நாலு மணி நேர மழையில் அங்கே துணி கறுத்து, உடம்போடு ஒட்டும். பிறகு மார்பு, பிறகு முன்கை. வெளித்துணி முழுக்க ஊறிய பிறகு ஆவிக்குப் போக்கிடம் குறைந்துவிடுகிறது. செங்குத்தான ஏற்றத்திலோ வியர்வை நிற்பதில்லை. கோட்டின் உட்புறம் வேர்த்து, உங்கள் தண்ணீரே உங்கள் மேல் சொட்டுகிறது. மழை உள்ளே வரவில்லை என்று நிறுவனம் சத்தியம் செய்யலாம், சத்தியம் பலிக்கவும் செய்யும். நீங்கள் நனைந்துதான் இருக்கிறீர்கள்.

முகத்துக்குத் தொப்பி கிடையாது. மணிக்கட்டுக்குக் கதவு கிடையாது. கால்முட்டிக்கு மேல் ஓடும் ஓடையைக் கடக்கையில் பூட்ஸ் எவ்வளவு உசத்தி என்பது கணக்கிலேயே வராது. தண்ணீர் மேல்வாயால் உள்ளே இறங்கும், இறங்கியதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வேலையை அதே நீர்புகா ஏடு செவ்வனே செய்யும்.

2. குளிர் என்றால் பனிக்கட்டிதான் என்று யார் சொன்னது? இவை மலைகளே அல்ல, குன்றுகள், இமயமா என்ன என்று சிரிப்பார்கள். கோஸ்ட் டு கோஸ்ட்டின் வழக்கமான பாதையில் உயர்ந்த இடமான கிட்ஸ்டி பைக் 780 மீட்டர்தான். கோடையில் அங்கே பனி கிடையாது. ஆகவே ஆபத்தும் கிடையாதாம்.

1964 மார்ச்சில் பீக் டிஸ்ட்ரிக்டில் ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நடைப்போட்டி நடந்தது. சாரணர் இயக்கத்து இளைஞர்களுக்கானது. ஹோம் மாஸ், பிளீக்லோ பக்கத்து மேட்டுச் சதுப்புகளைக் கடந்து சுமார் 45 மைல். அன்று மழையும் காற்றும். வெப்பநிலை உறைநிலைக்கு மேலேதான் இருந்தது. மூன்று இளைஞர்கள் குளிரில் விறைத்து இறந்தார்கள். ஆரோக்கியமானவர்கள், பயிற்சி உள்ளவர்கள், தனியாகவும் போகாதவர்கள். ஏன் இறந்தார்கள் என்று ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ. 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் நிபுணராகப் போனவர். எவரெஸ்ட்டுக்கு உடையும் உணவும் கணக்குப் போட்டவர், ஆயிரம் மீட்டர்கூட இல்லாத குன்றுகளில் நேர்ந்த சாவுக்கு விளக்கம் தேட வேண்டியிருந்தது. அவர் கண்டது இவ்வளவுதான்: நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடையின் வெப்பக்காப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. வேகமாக நடக்கும்வரை உடம்பே அடுப்பாக இருந்து காப்பாற்றும். களைத்து வேகம் குறைந்த அந்தக் கணத்தில் அடுப்பு அணைகிறது, உடம்புச் சூடு சரசரவென்று இறங்குகிறது. நின்ற காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். காய்ந்த, அசையாத பனிக்குளிரைவிட, நாலைந்து டிகிரியில் காற்றோடு வரும் மழை மோசமானது என்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ‘விடாமல் நட’ என்ற சட்டம் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம். உடம்பு களைத்த பிறகும் நடக்கச் சொல்வதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். களைப்புதான் கொல்கிறது என்பது பியூவின் கண்டுபிடிப்பின் சாரம். இரண்டையும் ஒரே ஆள் நம்ப முடியாது. இன்னொன்றும் உண்டு. குளிர் ஏறிய மூளைக்குத் தான் தடுமாறுவது தெரியாது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று உளறிக்கொண்டேதான் ஆள் சரிவார். ‘முடியாவிட்டால் திரும்பிவிடுவேன்’ என்று காலையில் சொல்லிவிட்டுக் கிளம்புபவர், பிற்பகலில் அந்த முடிவை எடுக்க வேண்டியது எந்த மூளை என்பதையும் யோசிக்க வேண்டும்.

3. வழி தெரியும் என்கிறார்கள்; எதைப் பார்த்து? ராஸ்த்வைட்டிலிருந்து கிராஸ்மியர் போகும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் பெரிதில்லை, ஒன்பது மைல் போல. ஸ்டோன்த்வைட் பள்ளத்தாக்கில் ஓடையோடு ஏறி, லைனிங் கிராக் பாறையின் பக்கமாகக் கையூன்றி மேலே வந்தால் 608 மீட்டரில் கிரீனப் எட்ஜ். அங்கே இறங்கி, வைத்பர்ன் பள்ளத்தாக்கின் தலைமாட்டைக் குறுக்கே கடந்து, எதிர்மேட்டில் மறுபடி ஏறினால்தான் ஃபார் ஈஸ்டேலும் கிராஸ்மியரும். வெயில் நாளில் எதிர்மேடு கண்ணுக்கு நேராகத் தெரியும். மேகம் இறங்கிய நாளில் தெரிவது உங்கள் பூட்ஸும் அதற்கு முன்னால் இரண்டு கல்லும்தான். கால் இயல்பாகவே சரிவைத் தேடும். சரிவோ வைத்பர்ன் பள்ளத்தாக்குக்குள் இழுத்துக்கொண்டு போய் தர்ல்மியர் நீர்த்தேக்கத்தின் பக்கம் விட்டுவிடும். எத்தனையோ பேர் தவறிய இடம். வழிகாட்டிப் புத்தகங்களே எச்சரிக்கும் இடம்.

செல்போன் இருக்கிறதே என்பார்கள். நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது. மழைத்துளி தானே திரையைத் தொட்டு வரைபடத்தைப் பக்கத்து மாவட்டத்துக்கு நகர்த்தும். அதைத் துடைக்கக் காய்ந்த துணி உடம்பில் எங்கும் இருக்காது.

நேரக் கணக்கும் ஏமாற்றும். மலைநடைக்கு இன்றுவரை எல்லோரும் போடும் கணக்கு, வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மழை அந்தக் கணக்கில் இல்லை. வழுக்குப்பாறையில் குச்சி ஊன்றி ஊன்றி இறங்குவதும், பெருகிவிட்ட ஓடைக்கு மேலேறி அகலம் குறைந்த இடம் தேடுவதும், நின்று சாப்பிட முடியாததால் சாப்பிடாமலே நடப்பதும் இல்லை. ஐந்து மணி நேர வழி எட்டு மணி நேரம் ஆகும். அந்த எட்டு மணி நேரமும் மேலே சொன்ன கோட்டுக்குள்தான் கழிய வேண்டும்.

4. அப்படி நனைந்துபோய் எதைப் பார்த்தீர்கள்? மழையில்தான் அந்த நிலத்தின் உண்மை முகம் தெரியும் என்பது கவித்துவமான வாதம். தெரியும், பள்ளத்தாக்கில் இருந்தால். மேகத்துக்குள் நிற்பவருக்கு மேகம்கூடத் தெரியாது.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் எளிதாக ஏமாறுவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் காய்ந்து வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் விடுதலை. நனைவது நமக்கு விளையாட்டு, காதல், சினிமாப் பாட்டு. முப்பது டிகிரியில் நனைபவர் தலையைத் துவட்டிக்கொண்டால் தீர்ந்தது. எட்டு டிகிரியில், பக்கவாட்டில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஒரே சீராக அடிக்கும் மழைக்கு நம் அனுபவத்தில் பெயர் கிடையாது. ஊட்டி மழையையும் இதனோடு சேர்க்க முடியாது. போரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வைட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே அதிக மழை பெறும் ஊர் என்று பெயர் வாங்கியது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். அதற்குப் பக்கத்திலேயே, இந்த நடைவழி தொட்டுப்போகும் ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5ஆம் தேதி முடிய 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது. பிரிட்டனில் 24 மணி நேர மழைக்கு அதுவே உச்சப் பதிவு. சென்னை தத்தளித்த அதே வாரம். அங்கே போய், மழை இல்லாமல் நடப்பேன் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். மழையில் நடக்காத ஒரு நாளை முன்கூட்டியே ஒதுக்கிவைக்காததுதான் மடமை.

5. வைராக்கியம் என்கிறீர்களே, அது யாருடைய வைராக்கியம்? எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இந்த வாதம்தான்.

இந்த வழியில் எந்த விடுதியானாலும் காலை உணவு மேசையைக் கவனியுங்கள். கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருக்கும். முட்டையும் காளானும் ஆறிக்கொண்டிருக்க, எல்லோரும் செல்போனில் ஒரே வானிலைப் படத்தைப் பார்ப்பார்கள். படம் முழுக்க நீலம். யாரும் ‘போகவில்லை’ என்று சொல்லமாட்டார்கள். ஒரு பெரியவர் விடுதிக்காரப் பெண்மணியிடம் தணிந்த குரலில் டாக்சி எண் கேட்பார், மருந்துக்கடையில் வெட்கப்பட வேண்டிய பொருளைக் கேட்பதுபோல. வாசல் நடையில், பெயர்ச்சீட்டுக் கட்டிய பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒன்பது மணிக்கு வேன் வரும்.

வேனைப் பற்றித்தான் பேச வேண்டும். கோஸ்ட் டு கோஸ்ட் நடப்பவர்களில் ஏராளமானோரின் பெட்டி நடப்பதில்லை. அடுத்த ஊர் விடுதிக்கு அதை வேன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு, நான் எதிர்க்கவில்லை. ஆனால் தன் துணிமணி, மாற்றுச் செருப்பு, சவர சாமான் எல்லாவற்றையும் டீசல் வண்டியில் ஏற்றி 190 மைல் அனுப்புகிறவர், அந்த வண்டியில் தானும் ஒரு நாள் ஏறினால் தூய்மை கெட்டுவிடும் என்பது என்ன தர்க்கம்?

உண்மைக் காரணம் வேறு. பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு படுக்கை, எல்லாம் மாதக்கணக்கில் முன்பே பதிவு. வழியில் பல ஊர்கள் மிகச் சின்னவை. படுக்கைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்று ராஸ்த்வைட்டில் தங்கிவிட்டால் கிராஸ்மியர் பணம் போச்சு, அதற்கடுத்த பேட்டர்டேல் கிடைக்காது, சங்கிலி முழுக்க அறுந்துவிடும். ஆக நடப்பவரைக் கொட்டும் மழையில் வெளியே தள்ளுவது பதிவுச் சீட்டு. பதிவுச் சீட்டுக்குப் பயந்து மலையேறினேன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. எனவே அதற்கு வைராக்கியம் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். விடுமுறைக்கு வந்தவர் வேலைக்குப் போகிறவரைவிடக் கறாராக நேரத்தைக் கடைப்பிடிக்கிறார். அலுவலகத்துக்காவது இப்படிப்பட்ட மழையில் விடுப்புச் சொல்லியிருப்பார்.

கஷ்டப்பட்ட நாள்தான் நினைவில் நிற்கும் என்பதும் இதன் கிளைதான். நிற்கும். பல்வலியும் நிற்கும்.

6. நனைவது உங்கள் சொந்த விஷயமா? இல்லை, இரண்டு காரணங்களால்.

முதலாவது நிலம். கிர்க்பி ஸ்டீஃபன் ஊரைத் தாண்டியதும் நைன் ஸ்டாண்டர்ட்ஸ் மேடு, 662 மீட்டர். உச்சியில் ஒன்பது கற்கூம்புகள்; சுற்றிலும் பீட் எனப்படும் கறுத்த மக்குமண். பாசி மக்கி மக்கி, வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் சேர்ந்த மண் அது. நடப்பவர்களின் கால் பட்டு அது சேறாகிக் கரைந்ததால், பருவத்துக்கு ஒன்றாக மூன்று வழிகள் வகுத்து, சிவப்பு, நீலம், பச்சை என்று பெயர் வைத்து, மிதிபட்ட நிலத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். நிலத்துக்கே ஓய்வு தேவை என்று ஒப்புக்கொண்டவர்கள் மனிதனுக்கு அதை மறுப்பது வேடிக்கை. ஊறிய பீட்டில் ஒருவர் முழங்கால்வரை இறங்குவார். பின்னால் வருபவர் அதைத் தவிர்க்க ஓரமாகக் கால் வைப்பார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் ஓரம். ஒற்றையடிப் பாதை இப்படித்தான் மாட்டுவண்டி அகலத்துக்கு விரிகிறது. பென்னைன் வே நடைவழியில் பிளாக் ஹில் என்ற குன்றின் தலை வெறும் கறுப்புச் சேறாகிப்போய், கடைசியில் பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து பாவினார்கள். 1965இல் அந்த வழி திறந்தபின் வந்த கூட்டத்தின் மிதி அதில் பெரும்பங்கு. அந்தச் சேற்றில் சிக்கி, பூங்காக் காவலர் வந்து இழுத்துவிட்டுத் தப்பியவர்களில் வெயின்ரைட்டும் ஒருவர்.

இரண்டாவது மனிதர்கள். அந்த மலைகளில் தொலைந்தவரைத் தேடி வருவது சம்பளம் வாங்கும் படை இல்லை. பக்கத்து ஊர்க் கடைக்காரர், ஆசிரியர், விவசாயி, தன்னார்வக் குழுக்கள். 2021 பிப்ரவரியில் லேக் டிஸ்ட்ரிக்டின் ரெட் ஸ்க்ரீஸ் சரிவில், முகாமிட்டிருந்த ஒருவரின் நெஞ்சுவலி அழைப்புக்குப் போன பேட்டர்டேல் குழுத் தன்னார்வலர் ஒருவர் சுமார் 150 மீட்டர் உருண்டு விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு நிரந்தரமாக முடங்கினார். அது மழைநாள் நடைக்காரர்கள் கூப்பிட்ட அழைப்பு அல்ல. அந்தப் பழியை அவர்கள் மேல் போடவில்லை. ஆனால் ‘என் உயிர், என் இஷ்டம்’ என்று மலையில் யாரும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்கு வந்து சேராதவரைத் தேட, அதே மழையில், இருட்டில், வேறொருவர் கிளம்ப வேண்டும்.

7. வேர்ட்ஸ்வொர்த் நடக்கவில்லையா? வாதம் இறங்கும்போது இலக்கியத்தைக் கூப்பிடுவார்கள். கவிஞரும் தங்கை டாரதியும் கிராஸ்மியரில் எல்லா வானிலையிலும் நடந்தார்களே, கவிஞர் ஆயுளில் நடந்தது ஒன்றே முக்கால் லட்சம் மைலுக்குக் குறையாது என்று எழுத்தாளர் டி குவின்சி கணக்குப் போட்டாரே என்பார்கள். நடந்தார்கள். 1799 டிசம்பரிலிருந்து 1808 வரை டவ் காட்டேஜில் குடியிருந்தவர்கள். இன்று மலை மூடியிருந்தால் நாளைக்கு ஏறலாம். நனைந்தால் திரும்பி வர வீடும் கணப்பும் உண்டு. எங்கேயும் வேன் காத்திருக்கவில்லை. டாரதியின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், மழைக்கு வீட்டிலேயே இருந்து ரொட்டி சுட்டதும், துணி தைத்ததும், அண்ணனின் கவிதையைப் படியெடுத்ததும் அதில் வஞ்சகமில்லாமல் வருகின்றன. வானம் பார்த்து நடந்தவர்களை, வானம் பார்க்காமல் நடப்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமில்லை. மழையிலும் மேய்ச்சல் மேட்டுக்குப் போகும் ஹெர்ட்விக் இன ஆட்டுக்காரரைக் காட்டுவதும் இதே ரகம். அவருக்கு அங்கே ஆடு இருக்கிறது.

சரி, அன்று என்னதான் செய்வது? ராஸ்த்வைட்டிலிருந்து 78ஆம் எண் பஸ் கெசிக் போகிறது. கெசிக்கில் 555 ஏறினால் தர்ல்மியர் ஓரமாகவே வந்து கிராஸ்மியரில் இறங்கலாம். கிரீனப் எட்ஜில் வழி தவறியவர் போய்ச் சேரும் அதே தர்ல்மியர், காய்ந்த இருக்கையிலிருந்து. அன்றிரவுப் படுக்கையும் பதிவுப் பணமும் பத்திரம். நடுவே கெசிக்கில் அரை நாள் கிடைக்கிறது. அங்கே பென்சிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. சிரிக்க வேண்டாம். முந்தின நாள் நீங்கள் நடந்துவந்த அதே பள்ளத்தாக்கில், அதிக மழை பெறும் அதே சீத்வைட்டின் மேட்டில்தான் 16ஆம் நூற்றாண்டில் சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. ஆட்டில் அடையாளக் கோடு போட இடையர்கள் பயன்படுத்தினார்கள். பிறகு பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்குப் பூசப் பயன்பட்டது. விலை ஏறியது, காவல் போட்டார்கள், திருட்டும் பெருகியது. அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752இல் பாராளுமன்றம் சட்டமே போட்டது. கெசிக்கின் பென்சில் தொழிற்சாலை 1832இல் தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளம் அந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் புகுந்து, மறுபடி திறக்க 2017 ஆயிற்று. மேகத்துக்குள் எட்டு மணி நேரம் பூட்ஸையே பார்த்து நடந்தவருக்கு, தான் எந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து வந்தோம் என்பது இதில் நூற்றில் ஒரு பங்காவது தெரிந்திருக்குமா?

8. முடித்ததாகக் கணக்கில் வராது என்கிறார்களே, யார் கணக்கில்? சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி எவரும் ராபின் ஹூட்ஸ் பேயில் நிற்பதில்லை. ஓட்டப்பந்தயத்துக்கு விதி உண்டு. ஜெயித்தவர், தோற்றவர் உண்டு. விடுமுறைக்கு எதற்கு?

மூலவரையே பார்ப்போம். வெயின்ரைட் கெண்டல் நகராட்சியின் பொருளாளர். கார் ஓட்டத் தெரியாதவர். லேக் டிஸ்ட்ரிக்ட் குன்றுகளைப் பற்றி 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகள் வெளியிட்டாரே, அந்தக் குன்றுகளுக்கு அவர் போனது பெரும்பாலும் வாரக் கடைசிகளில், பஸ்ஸில். கோஸ்ட் டு கோஸ்ட்டையும் அவர் ஒரே மூச்சில் நடக்கவில்லை. பகுதி பகுதியாக, வேறு வேறு நாட்களில் நடந்து பார்த்துத்தான் எழுதினார். தன் வழியை அப்படியே பின்பற்றாமல் அவரவர் வரைபடத்தை விரித்து அவரவர் வழியை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே தன் விருப்பம் என்று அந்தப் புத்தகத்திலேயே சொன்னவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே 555ஆம் எண் பஸ்ஸைத் தீட்டாக நினைப்பவர்கள், அவர் முடித்ததையும் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இனி மிஞ்சுவது பணம். உபரியாக ஒரு இரவுக்கு வாடகை கொடுக்க முடியுமா என்பார்கள். நல்ல மழைக்கோட்டு ஒன்றின் விலையில் இரண்டு மூன்று இரவு தங்கலாம். அந்த விலையைக் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. பன்னிரண்டு நாள் திட்டத்தில் பதிமூன்றாவது இரவைக் கிர்க்பி ஸ்டீஃபனில் போட்டுக்கொள்ளலாம். ஏறத்தாழ நடுவழி, கடை கண்ணி உள்ள ஊர், செட்டில்–கார்லைல் ரயிலும் உண்டு. மறுநாள் ஏற வேண்டியது நைன் ஸ்டாண்டர்ட்ஸ். அது மூடிக்கிடந்தால் அன்று ஏற வேண்டாம். தேவாலயத்துக்குள் போனால் எட்டாம் நூற்றாண்டினது என்று சொல்லப்படும் லோகி கல் இருக்கிறது, விலங்கு பூட்டிய கொம்புக்காரன் ஒருவனைச் செதுக்கியிருக்கிறார்கள். வானம் திறந்திருந்தால் அந்த இரவை மேலும் கிழக்கே, ரீத்திலோ ரிச்மண்டிலோ செலவழித்துக்கொள்ளலாமா என்று விடுதிக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். மாட்டேன் என்றால் கிர்க்பி ஸ்டீஃபனில் ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.